சூடான இரத்தமும் மெதுவான காரும்

சாரதிப் பயிற்சித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலரைப் போன மாதம் இங்கே டென்மார்க்கில், வைலேயில் ஒரு கலியாண வீட்டில் சந்தித்தேன். "அண்ணை, இவ்வளவு காலம் பக்கத்து சீற்றில இருந்திட்டியள், என்னத்தைக் கண்டனீங்கள்?" என்று உங்களில் ஒரு பிள்ளை கேட்டாள். நான் கையில் பாயசத்தோடு நின்றேன். நல்ல கேள்விக்கு நின்றபடி பதில் சொல்ல முடியாது. எங்கள் ஊரான பிராண்டேக்குக் காரோடி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

கியர் மாற்றுவதையும் காரை நிறுத்துவதையும் நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் மாணவர்களே சொல்லித் தருவார்கள். நான் சொல்ல விரும்புவது ஒரு பொலிவியப் பெண்ணைப் பற்றி. பெயர் ஹிமேனா. எங்கள் ஊர்க் காற்றாலைத் தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளர். அவரைப் பற்றிச் சொல்லுமுன் எனக்குத் தொழில் பழக்கியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் ஒரு டேனிஷ்காரர். பிராண்டேயில் பாதிப்பேர் அவரிடம்தான் கார் பழகியவர்கள். தங்கமான மனிதர். என்னைத் தொழிலுக்கு எடுத்தபோது சொன்னார்: "தமிழர் எண்டால் அமைதியான ஆக்கள், கவனமான ஆக்கள். நீ நல்லா வருவாய்." அதுவரையில் நான் கார் ஓடி அவர் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. இதை வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி பரமேஸ் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! யாழ்ப்பாணத்தில் நான் மோட்டார் சைக்கிள் ஓடிய விதம் அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பா எங்கள் கலியாணத்துக்கே அதனால்தான் முதலில் சம்மதிக்கவில்லை.

அந்த மனிதரிடம் எல்லா நாட்டுக்காரருக்கும் ஒரு வசனம் இருந்தது. இத்தாலிக்காரர் கையால் கதைப்பார்கள், ஸ்டியரிங்கை விட்டுவிடுவார்கள். ஜெர்மன்காரர் சட்டத்தைப் பாடமாக்கிவிட்டு ரோட்டைப் பார்க்கமாட்டார்கள். தென்னமெரிக்கர் வந்தால், "முதல் நாளே உன்ர காலைப் பிரேக்கில வை, அவைக்கு இரத்தம் சூடு." இதெல்லாம் அவர் அன்போடு சொன்னது. நானும் அன்போடு வாங்கி வைத்துக்கொண்டேன். தமிழரைப் பற்றிய வசனம் எனக்கு வேலை வாங்கித் தந்திருந்ததால், மற்ற வசனங்களிலும் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஹிமேனா வந்தது ஒரு குளிர்காலத் தொடக்கத்தில். பொலிவியாவில் எடுத்த லைசென்ஸ் இங்கே செல்லாது. மறுபடி பரீட்சை எடுக்க வேண்டும். வசந்தம் வந்ததும் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அப்பால், மேற்குக் கரைப் பக்கம் காற்றாலைகள் நிறுத்தும் வேலை தொடங்க இருந்தது. அந்த இடத்துக்கு பஸ் கிடையாது. லைசென்ஸ் இருந்தால் அந்த வேலை ஹிமேனாவுக்கு, இல்லாவிட்டால் வேறொருவருக்கு என்று அவருடைய மேலாளர் சொல்லிவிட்டார். வேலையில் அவர் இன்னும் நிரந்தரமாக்கப்படவும் இல்லை. அந்தக் கரைவேலையை நம்பித்தான் அவர் டென்மார்க்குக்கே வந்தவர்.

முதல் பாடத்துக்குக் காரில் ஏறினோம். நாங்கள் கதைத்தது டேனிஷில். என் காதில் விழுந்த மாதிரித் தமிழில் எழுதுகிறேன். எனக்குத் தொழில் பழக்கியவர் சொன்னபடி என் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, வருவது வரட்டும் என்று இருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. கார் ஊர்ந்தது. ஊருக்கு வெளியே நல்ல நேர்ரோட்டில் ஒரு உழவு இயந்திரம் எங்களை முந்திக்கொண்டு போனது. அதை ஓடியவர் போகிற போக்கில் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். கொஞ்சத் தூரம் போக, மின்சார சைக்கிளில் ஒரு வயதான அம்மா பக்கவாட்டில் வந்து, எங்களோடு சமமாகச் சிறிது நேரம் ஓடி, பிறகு அவவும் முன்னுக்குப் போய்விட்டா. பிரேக்கில் வைத்த என் கால் வேலையில்லாமல் விறைத்துப் போயிற்று.

"ஹிமேனா, இன்னும் கொஞ்சம் வேகமா ஓடலாம்."

"ஓடலாம். ஆனா ஓடமாட்டன்."

"ஏன்?"

"நான் வேகமா ஓடி, ஆராவது ஹோர்ன் அடிச்சா என்ன சொல்லுவினம்? பாத்தியோ, லத்தீன்காரி, இரத்தம் சூடு எண்டு சொல்லுவினம். அதால நான் ஒருத்தருக்கும் ஒரு சாட்டும் குடுக்கிறேல்லை. வேலையிலயும் அப்பிடித்தான். கூட்டத்தில குரலை உயர்த்தினதே இல்லை. பக்கத்து மேசைக்காரன் கத்தினா 'அவனுக்கு இந்த விஷயத்தில அக்கறை' எண்டுவினம். நான் கத்தினா 'அவளுக்கு ரெம்பரமெண்ட்' எண்டுவினம்."

ரெம்பரமெண்ட் என்பது குணவேகம், ஆவேசம் என்று பொருள்படும் டேனிஷ் சொல். தெற்கத்தி ஆட்களைப் பற்றிப் பேசும்போது இங்கே அடிக்கடி சிரித்துக்கொண்டு சொல்லும் சொல்.

நான் என் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன். அவருக்குத் தெரியக்கூடாதென்று மெல்ல எடுத்தேன். அவர் கண்டுவிட்டார்.

"உங்களுக்கும் சொல்லித் தந்திருக்கினம் போல," என்று சிரித்தார்.

அதன்பிறகு எங்களுக்குள் நல்லாகப் பிடித்துக்கொண்டது. நான் பார்த்த மாணவர்களில் என்னை அதிகம் சிரிக்க வைத்தவர் அவர்தான். ஒவ்வொரு பாடத்திலும் அந்தக் கிழமை நடந்ததில் ஒரு கதை இருக்கும். அவருடைய பெயரையே எடுங்கள். டேனிஷ்காரர் முதலெழுத்தான J-ஐப் பார்த்து 'யிமேனா' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் மாதம் திருத்தினாராம். பிறகு தானே தொலைபேசியில் "யிமேனா கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு, ஆர் அது என்று யோசித்தாராம். சிவபாலன் என்று அம்மா அப்பா வைத்த பெயர் சிவாவாகிப்போன எனக்கு அது விளங்காதா?

ஒரு நாள் வெளியூர் விருந்தினர் வந்த கூட்டத்துக்கு ஹிமேனா முன்னதாகவே போய் அறையை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். வந்த ஒரு பெரிய மனிதர், "கோப்பி எப்ப வரும்?" என்று அவரிடம் கேட்டார். ஹிமேனா இரண்டு கோப்பி ஊற்றினார். ஒன்றை அவரிடம் கொடுத்தார். மற்றதை எடுத்துக்கொண்டு போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று, "வணக்கம், தொடங்குவமா?" என்றாராம்.

"அவரின்ர முகம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"கோப்பி சூடு. அவர் முகத்தைக் கோப்பைக்குள்ள வைச்சுக்கொண்டிருந்தார்."

டிசம்பரில் வேலையிடத்தில் நடந்த நத்தார் விருந்தில் எல்லோரும் சேர்ந்து அவரை நடுவில் இழுத்து விட்டு சல்சா ஆடச் சொன்னார்கள். அவருக்கு ஆடத் தெரியாது. "எங்கட வீட்டில எல்லாருமே சதுரங்கக்காரர், சிவா. கலியாண வீட்டிலயும் மூலையில இருந்து காய் நகர்த்துவம்." அவர் ஆடமாட்டேன் என்றதும் வெட்கப்படுகிறார் என்று நினைத்து இன்னும் கைதட்டினார்கள். கடைசியில் வகுப்புக்குப் போய்ப் பழகியிருந்த ஒரு டேனிஷ்காரர்தான் ஆடினார். நல்லாகவே ஆடினாராம். "நான்தான் சொல்லிக் குடுத்தனான் எண்டு எல்லாரும் என்னைப் பாராட்டினவை."

எல்லாக் கதையும் இப்படிச் சிரிப்பில் முடியாது. பொலிவியா என்று சொன்னதும் மூக்கில் விரலை வைத்து, கொக்கேயின் பொடி இழுப்பது மாதிரி உறிஞ்சிக் காட்டுகிற ஆட்கள் உண்டு. அதுதான் நகைச்சுவையாம். "முதல் தரம் சிரிச்சன். அவைக்கு அது முதல் தரம், எனக்கு ஒவ்வொரு கிழமையும்," என்றார். நேரத்துக்கு வந்தால், "தென்னமெரிக்காக்காரி எண்டாலும் நேரத்துக்கு வாறாய்!" என்று பாராட்டு. அந்தப் பாராட்டை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்றார்.

எங்கட ஆட்களை விட்டுவிட்டு டேனிஷ்காரரை மட்டும் சொன்னால் நியாயமாகாது. ஹிமேனாவைப் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், எங்கட பிள்ளை ஒருத்தி மாதிரியே இருப்பார். அதே நிறம், அதே கருகரு தலைமுடி. பிராண்டே கடையில் ஒரு தமிழ் அம்மா அவரை மறித்து, "பிள்ளை, எவடம்? எப்ப வந்தனீர்?" என்று கேட்டிருக்கிறா. ஹிமேனா விளங்காமல் சிரித்துவிட்டு டேனிஷில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அந்த அம்மா நேரே என் மனைவியிடம் வந்தா.

"பரமேஸ், உங்கட மனுசன்ர காரில போற பிள்ளைக்குச் சரியான எழுப்பம், தலைக்கனம். தமிழ் தெரியாத மாதிரி நடிக்குது."

"ஐயோ அக்கா, அந்தப் பிள்ளை பொலிவியா."

"பொலிகண்டியோ? எங்கட அண்ணி வீட்டுக்குக் கிட்ட! ஆரின்ர மகளெண்டு கேட்டுச் சொல்லும்."

இதை நான் ஹிமேனாவுக்குச் சொன்னபோது காரை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சிரித்தார். சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, முறையாக நிறுத்தினார். பிறகு தொலைபேசியில் வரைபடத்தை எடுத்து யாழ்ப்பாணத்துப் பொலிகண்டி எங்கே என்று தேடிப் பார்த்தார்.

"கடற்கரையில இருக்குதே! எங்கட நாட்டுக்குக் கடலே இல்லை, சிவா. நான் பொலிகண்டி எண்டே சொல்லிக்கொள்ளுறன்."

இவ்வளவும் கேட்ட பிறகு எனக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? வைலேயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இந்த யூலாந்துக் குடாநாட்டில் இப்படி ஏற்றமும் இறக்கமும் உள்ள ஊர் குறைவு. பரீட்சை அங்கேதான். மற்ற மாணவர்களைப் பல தடவை அந்த ஏற்றங்களுக்குக் கொண்டுபோய்ப் பழக்குவேன். ஹிமேனாவைக் கொண்டுபோகவில்லை. பொலிவியா என்றால் அந்தீஸ் மலை, மலைநாட்டுப் பிள்ளைக்கு வைலே ஏற்றம் ஒரு பொருட்டா என்று நினைத்துவிட்டேன். பரீட்சை நெருங்கிய பிறகு ஒரு நாள் சும்மா ஒரு பார்வைக்காகப் போனோம். செங்குத்தான ஒரு தெருவின் நடுவில் சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை விழுந்து புறப்பட, கார் பின்னோக்கி வழுக்கியது. நான் பிரேக்கை அமத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஹிமேனா, மலையில பிறந்து வளந்தனீங்கள்…"

"ஆர் சொன்னது? நான் சாந்தா குரூஸ். எங்கட ஊர் சப்பாத்தி மாதிரித் தட்டை! பொலிவியாவில பாதிக்கு மேல சமவெளி. ஏத்தத்தில நான் வாழ்க்கையில கார் ஓடினதில்லை!"

சப்பாத்தி என்பது நான் போட்ட சொல். அவர் சொன்னது அவர்கள் நாட்டு அப்பம் ஒன்றின் பெயர். எனக்கு வாயில் வரவில்லை. ஆனால் அவருடைய கோபம் நான் போட்டதில்லை. அதுதான் அவர் என்னிடம் குரலை உயர்த்திய முதல் தடவை, எனக்கு நன்றாகத் தேவையாயிருந்தது. எஞ்சிய நாட்கள் முழுவதும் வைலே ஏற்றங்களிலேயே கிடந்தோம். கிளச்சை விடுவதும் கார் நின்றுபோவதும் பின்னால் வந்தவர்கள் பொறுமையாகக் காத்திருப்பதுமாக ஒரே கூத்து.

தம்பிமார், தங்கச்சிமார், இதைக் கொஞ்சம் கவனியுங்கள். மாணவர் எந்த நாடு என்று தெரிந்தவுடன் அவருடைய ஓட்டம் எப்படி என்று தெரிந்துவிட்ட மாதிரி எங்களுக்கு ஒரு நினைப்பு வரும். நல்லதாக நினைத்தாலும் அது நினைப்புத்தான். மலைநாட்டுக்காரி என்று நான் மெச்சிக்கொண்டதால் ஒரு பாடத்தை விட்டுவிட்டேன்.

பரீட்சை நாள் வந்தது. பரீட்சகரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். உயரமான, மெலிந்த மனிதர், வாசிக்கும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருப்பார். நேர்மையானவர். அவர் முன்னாசனத்தில், ஹிமேனா ஸ்டியரிங்கில், நான் பின்னாசனத்தில். பின்னாலிருக்கும் பயிற்சியாளர் பரீட்சையின்போது வாய் திறக்கக்கூடாது; அது உங்களுக்குத் தெரியும். நான் என் தொழில்காலம் முழுவதும் அந்தப் பின்னாசனத்தில் மரக்கட்டை மாதிரி இருந்தவன்.

"எந்த நாடு?" என்று கேட்டார் பரீட்சகர்.

"பொலிவியா."

"ஆ, தென்னமெரிக்கா! சரி, இது காரோட்டப் போட்டி இல்லை. ஆறுதலா ஓடுவம்."

ஹிமேனா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. நத்தார் விருந்தில் சிரித்ததும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

நல்லாகத்தான் ஓடினார். சுற்றுவட்டம், சந்திகள், சைக்கிள்காரர் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு இரண்டு பக்கமும் கார்கள் நிறுத்தியிருந்த ஒரு குடியிருப்புத் தெருவுக்குள் நுழைந்தோம். பரீட்சகர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, மடியிலிருந்த கணினிப் பலகையில் எதையோ எழுதக் குனிந்தார்.

நிறுத்தியிருந்த கார்களுக்கிடையிலிருந்து ஒரு சிவப்புப் பந்து உருண்டு வந்தது.

ஹிமேனா பிரேக்கை அமத்தினார். எங்கள் மூவரையும் சீற் பெல்ற் இழுத்துப் பிடித்தது. பரீட்சகரின் பலகை அவருடைய காலடியில் விழுந்தது. பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்தது. பந்து எங்களுக்கு முன்னால் குறுக்கே போய், எதிர்ப் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளை வானுக்குக் கீழே மறைந்தது. பந்துக்குப் பின்னால் பிள்ளை வரும் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது. ஹிமேனா காத்திருந்தார். பிள்ளை வரவில்லை. கண்ணாடி பார்த்து மெல்லப் புறப்பட்டார். பரீட்சகர் பலகையைக் குனிந்து தேடி எடுத்துக்கொண்டு, "அங்க ஓரமா நிப்பாட்டுங்கோ," என்றார். நிறுத்தினார்.

"என்ன அது?" என்றார் பரீட்சகர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இதைத்தான் நான் தொடங்கேக்க சொன்னனான். பின்னால வந்தவன் இடிச்சிருந்தா? உங்கட நாடுகளில நீங்கள் நெஞ்சால ஓடுறியள், ரெம்பரமெண்ட். இஞ்ச தலையால ஓட வேணும். இண்டைக்கு இது காணும். நிலையத்துக்குத் திருப்புங்கோ."

"ஒரு பந்து…" என்றார் ஹிமேனா. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்ன?"

"பந்து வந்தது."

"நான் ஒரு பந்தையும் காணேல்லை."

முன்கண்ணாடியில் ஹிமேனாவின் முகத்தைப் பார்த்தேன். கத்தினால் பரீட்சகர் 'இதுதான் ரெம்பரமெண்ட்' என்பார். அழுதாலும் அதையேதான் சொல்வார். அவருக்கு மிஞ்சியிருந்தது அந்தச் சின்னக் குரல் ஒன்றுதான். அதையும் பாவித்து முடித்துவிட்டார்.

அந்த நேரத்தில் பின்னாசனத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அடுத்தடுத்த நாட்களில் இதே பரீட்சகரிடம் என் மாணவர்கள் வரவிருந்தார்கள். அவரோடு முரண்பட்டால் அது அவர்களுக்கு எப்படிப் போய் விழும்? பேசாமல் இருந்து, வீட்டுக்குப் போய் முறைப்பாடு எழுதலாம். அது ஆறுதலான வழி. ஆனால் கரைவேலை தொடங்கி முடிந்த பிறகுதான் பதில் வரும், அதுவும் அவர் சொல்வதற்கு எதிராக நான் சொல்வது. பந்து இப்போது வானுக்குக் கீழே கிடக்கிறது. யாராவது வந்து எடுத்துவிட்டால் பந்தே வந்திருக்காது. இன்னொன்றும் தோன்றியது. தமிழர் அமைதியானவர்கள் என்று எனக்குத் தந்த ஆசனம் சொகுசானது. அதில் சாய்ந்துகொண்டு இந்தப் பிள்ளையைத் தனியே விடலாமா?

"பரீட்சை முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

பரீட்சகர் உடம்போடு திரும்பினார். கார் பேசியிருந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்.

"என்ன கேட்டனீங்கள்?"

"இண்டைக்குக் காணும் எண்டு சொன்னீங்கள். பரீட்சை முடிஞ்சுதெண்டா நான் கதைக்கலாம். முடியேல்லையெண்டா நான் கதைக்கக்கூடாது. அதுதான் கேக்கிறன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "முடிஞ்சுது."

"அப்ப கதைக்கிறன். நீங்கள் கீழ குனிஞ்சு எழுதிக்கொண்டிருந்தனீங்கள். சிவப்புப் பந்து ஒண்டு வந்தது. அது பின்னால நிக்கிற வெள்ளை வானுக்குக் கீழ கிடக்குது."

"சிவா, அவ உங்கட மாணவி. நீங்கள் அவவுக்காகத்தான் சொல்லுவியள்."

"ஓம். அதாலதான் என்னை நம்ப வேண்டாம் எண்டுறன். இறங்கி வந்து பந்தைப் பாருங்கோ."

இறங்கினார். நானும் இறங்கினேன். ஹிமேனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். நடந்துபோன அந்தக் கொஞ்சத் தூரமும் நான் தெருவோரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். பந்து இல்லாவிட்டால்? உருண்டு வடிகாலுக்குள் போயிருந்தால்?

வானுக்குப் பக்கத்தில் ஒரு தகப்பன் நிலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண்பிள்ளை, குளிருடுப்பில் பந்து மாதிரியே உருண்டையாக நின்றது.

"எட்டேல்லை," என்றார் தகப்பன், எங்களைப் பார்த்து.

"என்ர பந்து," என்றது பிள்ளை. "நான் ரோட்டுக்கு ஓடேல்லை. ஓட வெளிக்கிட்டனான், அப்பா தொப்பியில பிடிச்சிட்டார். அந்தக் கார் நிண்டது." ஹிமேனாவின் காரைக் காட்டியது.

பரீட்சகர் அந்தக் காரைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, அந்த நீளமான உடம்பை மடித்து, முழங்காலில் இருந்து, பிறகு தானும் குப்புறப் படுத்தார். அவருடைய கைக்கு எட்டியது. சிவப்புப் பந்தோடு எழும்பியபோது சட்டை முழுவதும் சேறு. பிள்ளையிடம் கொடுத்துவிட்டுக் காருக்கு நடந்தார்.

காருக்குள் இருந்து கையைத் துடைத்தார். பிறகு ஹிமேனாவின் பக்கம் திரும்பினார்.

"முடிஞ்சுதெண்டு நான் சொன்னது பிழை. நான் ரோட்டைப் பாக்கேல்லை. நீங்கள் ஏன் பிரேக் போட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியேல்லை. தெரியாத இடத்தில நானே ஒரு காரணத்தைப் போட்டு நிரப்பிக்கொண்டன். அது சரியில்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. விருப்பமெண்டா விட்ட இடத்திலயிருந்து ஓடுவம்."

"விருப்பம்," என்றார் ஹிமேனா.

"கேக்கேல்லை."

"விருப்பம்!"

பின்னாலிருந்த எனக்கே காது அடைத்தது. பரீட்சகர் தலையாட்டினார். நான் மறுபடி மரக்கட்டையானேன்.

அவர் விட்டுக்கொடுத்துச் சுலபமான வழியில் கொண்டுபோவார் என்று நான் நினைத்தேன். அப்படி ஒன்றும் செய்யவில்லை. நேரே ஏற்றத்துக்குக் கொண்டுபோனார். நடு ஏற்றத்தில் சிவப்பு விளக்கு. பச்சை விழுந்தது. ஹிமேனா கிளச்சை விட்டார், கார் உதறி நின்றுவிட்டது. பின்னால் ஒரு லொறி. ஹிமேனா காரைப் பார்த்து ஸ்பானிஷில் எதையோ சொன்னார். நல்ல வார்த்தையாக எனக்குப் படவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மறுபடி இயந்திரத்தைக் கிளப்பி, மூச்சை விட்டு, ஏறினார். கார் ஒரு அங்குலமும் பின்னுக்குப் போகவில்லை.

நிலையத்துக்கு வந்ததும் பரீட்சகர் சொன்னார்: "சித்தியடைஞ்சிட்டீங்கள். ஏத்தத்தில ஒருக்கா நிண்டது. நீங்களே சமாளிச்சீங்கள், அது போதும். ஒரு குறை. நீங்கள் சரியான மெதுவா ஓடுறியள். அனுமதிச்ச வேகத்துக்கு ஓடலாம், ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

ஹிமேனா என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். சிரிப்பை அடக்குவது கஷ்டமாயிருந்தது.

பரீட்சகர் இறங்கியபின் நானும் இறங்கி அவருக்குக் கை கொடுத்தேன். "இவ்வளவு வருசம் நீங்கள் பின்னுக்கிருந்து ஒரு சொல் கதைச்சதில்லை," என்றார். "தமிழர் கதைக்கமாட்டினம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

"என்ர மனுசியை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ," என்றேன்.

திரும்பிக் காருக்குள் ஏறி முன்னாசனத்தில் இருந்தேன். ஹிமேனா கையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

"சிவா, அவர் போயிட்டாரோ?"

"போயிட்டார்."

"கதவு எல்லாம் பூட்டியிருக்கோ?"

"ஓம்."

"இப்ப கத்தலாமோ?"

"கத்துங்கோ."

அவர் கத்தினார். சந்தோசம், ஆத்திரம், வந்த நாள் முதல் அடக்கி வைத்தது எல்லாம் ஒன்றாக வந்தது. ஸ்டியரிங்கில் அடித்தார், சிரித்தார், அழுதார், மறுபடி கத்தினார். அப்போது எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, நானும் சேர்ந்து கத்தினேன். என் வயதுக்கும் தலைமயிருக்கும் அது பொருத்தமில்லை. பக்கத்தில் நிறுத்தியிருந்த காரில் ஒரு டேனிஷ் தம்பதி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் எடுத்ததை வாய்க்குக் கொண்டுபோகாமல் எங்களையே பார்த்தார்கள். ஹிமேனா கண்ணாடியை இறக்கி, "லைசென்ஸ்!" என்றார். அந்த மனிதர் உடனே சாண்ட்விச்சைத் தூக்கிக் காட்டி, தன் பங்குக்கு அவரும் ஒரு சத்தம் போட்டார். மனுசிக்காரி ஹோர்னே அடித்தா.

ஹிமேனா வசந்தத்தில் கரைவேலைக்குப் போனார். இப்போது அங்கே ஒரு குழுவுக்குத் தலைவி. கூட்டங்களில் சத்தமாகவே கதைப்பதாகக் கேள்வி. மூக்கை உறிஞ்சிக் காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பந்தால் ஒரு நாடு திருந்திவிடாது. ஆனால் ஒரு மனிதர் திருந்தியதை நான் கண்டேன். அதையும் சொல்லி முடிக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு கணினித் துறை இளைஞனை அதே பரீட்சகரிடம் கொண்டுபோனேன். சுற்றுவட்டத்தில் நுழையப்போன இடத்தில் அவன் திடீரென்று பிரேக் அடித்தான். மறுபடி எல்லோரையும் பெல்ற் இழுத்தது. ரோட்டில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பரீட்சகர் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, அவன் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"நீங்கள் என்னத்தைக் கண்டனீங்கள்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அவன் நேர்மையான பெடியன். "ஒண்டையும் காணேல்லை," என்றான். "பயந்திட்டன்."

பரீட்சகர் தலையாட்டி, அவன் சித்தியடையவில்லை என்று மரியாதையாகச் சொன்னார். எந்தெந்த இடத்தில் என்ன பிழை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவன் நாட்டின் பெயர் அதில் எங்கேயும் வரவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் அவனுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தேடிக்கொண்டு நின்றேன். அவனுக்கு அது தேவைப்படவில்லை.

"நான் நல்லா ஓடேல்லை, சிவா. நியாயமாத்தான் தோத்தனான். இன்னும் பழகிக்கொண்டு வாறன்." பிறகு வயிற்றைத் தடவினான். "பசிக்குது. எங்கயாவது போவமா?"

"வா, எங்கட தமிழ்க் கடை ஒண்டு இருக்குது. நல்ல உறைப்பு ரோல்ஸ் வாங்கித் தாறன். மெக்சிகோக்காரனுக்கு ஏத்த சாப்பாடு."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"உறைப்போ?" என்றான். "ஐயோ சிவா, எனக்கு மிளகே ஒத்துவராது."